யானை மேய்ந்த வயலுக்கே பங்கு போய்ச் சேர வேண்டும்

ஜிம்பாப்வே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஊரக மாவட்ட மன்றத்தினருக்கும் வணக்கம்.

சாம்பேசிப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் முற்றும் காலத்தில் உழவர் குடும்பங்களுக்கு இரவில் உறக்கம் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வயலில் காவலிருந்து, தகரத்தைத் தட்டி, மிளகாய்த்தூளைச் சாணத்தோடு பிசைந்து உலர்த்திய கட்டிகளைப் புகையவிட்டு விடியும்வரை விழித்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு யானைக்கூட்டம் புகுந்துவிட்டால் ஓராண்டு உணவு ஒரே இரவில் அழிந்துபோகிறது.

அந்த இழப்பைச் சுமப்பவர்களுக்கே காட்டு விலங்கின் வருவாயும் சேர வேண்டும் என்றுதான் 1989-இல் உங்கள் நாட்டில் கேம்ப்ஃபயர் (CAMPFIRE) என்னும் திட்டம் தொடங்கியது. 2001 வரை ஊர்களுக்கு 2 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கிடைத்தது. அதில் 89 விழுக்காடு, கட்டணம் செலுத்தி விலங்குகளைச் சுட வருவோரின் வேட்டைச் சுற்றுலா தந்தது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைச் சுடுவதை என் மனம் ஏற்பதில்லை. ஆயினும், ஒளிப்படச் சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத வறண்ட காட்டோரத்தில் அந்தப் பணத்துக்கு மாற்று எது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுப் பூங்காக்கள், காட்டு விலங்குகள் சட்டத்தில் 1982-இல் செய்த திருத்தத்தின் வழியே காட்டு விலங்குகள் மீதான அதிகாரம் மாவட்ட மன்றங்களுக்குக் கிடைத்ததே தவிர, ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. வேட்டை நிறுவனத்தோடு மன்றம் ஒப்பந்தம் செய்ய, பணம் மன்றத்தின் கணக்கில் விழ, மன்றச் செலவுகள் போக எஞ்சியதற்காக ஊர் காத்திருந்தது. பின்னாளில் 55 விழுக்காடு ஊர்களுக்கு என்று வகுத்ததும் வழிகாட்டு நெறியாகத்தான், சட்டமாக அல்ல. 2014-இல் அமெரிக்கா உங்கள் நாட்டு யானை வேட்டைச் சின்னங்களின் (வேட்டையாடியவர் எடுத்துச் செல்லும் தந்தம் போன்றவற்றின்) இறக்குமதியை நிறுத்தியதுபோல வெளியிலிருந்து அடி விழும்போது, வரிசையின் கடைசியில் நிற்கும் ஊருக்கு என்ன மிஞ்சும்?

ஊர் மக்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்ற வாதத்தைச் சாம்பேசிப் பள்ளத்தாக்கின் மசோகா ஊர் மக்கள் எப்போதோ பொய்யாக்கிவிட்டார்கள். வேட்டை வருவாயைக் கொண்டே அவர்கள் பள்ளியும் மருத்துவ நிலையமும் எழுப்பினார்கள். நமீபியா 1996-இல் இயற்றிய சட்டத்தின்கீழ், ஊர் மக்களே பதிவுசெய்து நடத்தும் காட்டு விலங்குக் காப்பகங்கள் தாமே ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணத்தை நேரே தம் வங்கிக் கணக்கில் பெறுகின்றன.

அந்த உரிமையை உங்கள் ஊர்களுக்கும் சட்டமாகவே எழுதிக் கொடுங்கள். அதுவரை, ஒவ்வொரு வேட்டைப் பருவம் முடிந்ததும் எந்த விலங்குக்கு எவ்வளவு கட்டணம் வந்தது, அதில் ஊரின் பங்கு எவ்வளவு என்ற கணக்கை, உள்ளூர் மொழியிலேயே ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்ட மன்றங்களுக்கு ஆணையிடுங்கள்.