செலரான் எல்லாம் மட்டமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றிய கட்டுரை, இன்டெலின் விலை குறைந்த பிராசஸரான செலரானை ‘காசில்லாதவர்கள் வாங்கிய மட்டமான சிப்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. பாதி சரி. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானுக்கு அந்தத் திட்டு தகும். இன்டெலின் விலை கூடிய பென்டியம் 2-இல் இருந்த இரண்டாம் நிலை கேஷ் மெமரியை (அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வேகமான மெமரி) விலையைக் குறைக்க அடியோடு பிடுங்கிவிட்டார்கள். பெயர்தான் 266 மெகாஹெர்ட்ஸ். வேலை கொடுத்தால் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ வேறு சரக்கு. கேஷ் 128 கேபிதான், ஆனால் சிப்புக்குள்ளேயே இருந்தது. பென்டியம் 2-இன் 512 கேபி தனிச் சிப்புகளில் இருந்ததால் பிராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடும். இது முழு வேகத்தில் ஓடியது.

அப்போது நான் அல்சூரிலிருந்து பஸ் பிடித்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் பில் போட்டுவிட்டு, “பி21 பின்னை மறைச்சிடுங்க சார்” என்றார் மெதுவாக. பிராசஸர் பொருத்தி வரும் கார்ட்ரிட்ஜின் அடியில் பல்வரிசை மாதிரி பளபளவென்று பின்கள் இருக்கும். அதில் பி21தான் ‘என் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ்’ என்று மதர்போர்டிடம் சொல்வது. (பஸ் என்றால் பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதை. நான் ஏறி வந்த பஸ் அல்ல!) அதன் வாயை அடைத்தால் பிஎக்ஸ் போர்டு (இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு) 100 என்று எடுத்துக்கொள்ளும். பஸ் வேகத்தைப் பெருக்கிப் பிராசஸர் வேகமாக்கும் எண் 4.5 என்று பூட்டியிருப்பதால் 300 அப்படியே 450 ஆகிவிடும்.

அக்காவின் நெயில் பாலிஷை எடுத்துத் தடவினேன். பக்கத்துப் பின்னுக்கும் வழிந்து, மெஷின் கண்ணே திறக்கவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் ரிமூவரால் துடைத்து, விளக்குமாற்று ஈர்க்கு நுனியால் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். திரையில் 450 என்று வந்தது. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடித்ததில்லை; சில சிப்புகள் சூடேறி நின்றுவிடும். பெங்களூரு குளிரும் எனக்குக் கை கொடுத்திருக்கலாம். சென்னையில் மே மாதம் தாண்டியிருக்குமா, சந்தேகம்தான்.

எனவே அடுத்த இதழில் 300ஏ-வுக்காவது ஒரு திருத்தம் போடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம். அந்தப் பாட்டில் எப்படிக் காலியானது என்று அக்காவுக்கு இன்னும் தெரியாது. உங்கள் இதழை அவர் ஒரு வரி விடாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூரு