கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்

மாதா துணை

சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்,
3.11.2024

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பொண்டாட்டி, பாப்பா மூன்று பேரும் சுகம். நீயும் சுகமா என்று ஒரு வரி எழுதிவிட்டு வழக்கம்போலத் தாண்டிப் போக இந்த முறை மனசு வரவில்லை. சரி, அதை அப்புறம் எழுதுகிறேன்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். நாலாவது லைன் வீட்டுப் பையன் லீவு முடிந்து புதன்கிழமை ஷார்ஜா திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் உன் பொண்டாட்டி இருக்கிறாள். அவள் எதிரில் கேட்க முடியாதது ஒன்று இருக்கிறது.

நேற்று கல்லறைத் திருநாள். நீ அனுப்பிய பணத்தில் நைனா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. போன வருஷம் கேட்காமலே அனுப்பினாய். இந்த வருஷம் இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியதாயிற்று. குறை சொல்லவில்லை. இந்த ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டவன் நீ, பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்த்தவன் நீ. லைனில் எல்லாரும் உன்னைச் சொல்லித்தான் தங்கள் பையன்களைத் திட்டுகிறார்கள். ஆனாலும் மூன்று வருஷமாக ஊருக்கு வராத மகனை நான் வேறு எப்படித் திட்டுவது?

முந்தின நாள் மழை. அதனால் தங்கம் எடுத்து மிஞ்சிய மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து புழுதி பறக்கவில்லை. ஆடி மாசக் காற்றில் போயிருந்தால் மெழுகுவத்தி ஏற்றியிருக்கவே முடியாது. போகிற வழியில் பாப்பா வெள்ளைக்காரர் கல்லறைகளையும் பார்க்க வேண்டும் என்றாள். கல்லில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள். கார்ன்வால் என்று ஒரு சீமையாம், அங்கே தகரச் சுரங்கம் மூடிப்போய் இங்கே தங்கத்துக்கு வந்தவர்களாம். முப்பது வயசு, முப்பத்தைந்து வயசு. பிறந்த வருஷமே செத்துப்போன குழந்தைகள் எத்தனை! 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த ஊர் இது. அந்தக் கரண்டு முதலில் மிஷினுக்குத்தான் போனது. குழந்தைக் காய்ச்சலுக்கு அதனால் என்ன ஆகும்? துரை வீட்டுத் தாயும் நம்மைப் போல்தான் அழுதிருப்பாள்.

அப்புறம் நம் பக்கம் வந்தோம். நைனா வரிசையில் பதினோரு கல்லறை. ஒவ்வொன்றிலும் வத்தி வைத்துக்கொண்டே போனேன். இவர் எப்படிச் செத்தார், அவர் எப்படிச் செத்தார் என்று பாப்பா கேட்டுக்கொண்டே வந்தாள். நர்ஸ் படிப்பு இல்லையா, அவளுக்கு எல்லாமே கேஸ்தான்.

முதலில் எதிர் லைன் பெரியப்பா. உனக்கு அப்போது ஆறு வயசு, ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் தரை ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. அலமாரியில் இருந்த பித்தளைச் சொம்பு உருண்டு வந்து உன் தலைமாட்டில் நின்றது. ஏர் பிளாஸ்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாப் பெண்களும் கூந்தலைக்கூட முடியாமல் சுரங்கத்து ஷாப்டுக்கு ஓடினோம். இரண்டு மைல் ஆழத்தில் பாறை, தன்மேல் இருக்கிற பாரம் தாங்காமல் வெடிக்கிறதாம். கீழே பாறைச் சூடு 65 டிகிரியைத் தொடும் என்று நைனா சொல்வார். பெரியப்பாவுக்கு முன்னால் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மேலே வந்தது. மூடி நசுங்கியிருந்தது. உள்ளே களி இருந்திருக்கும். பெரியம்மா திறக்கப் பார்த்தாள், வரவில்லை. கடைசி வரைக்கும் அதைத் திறக்கவில்லை. உன் நைனா அன்றைக்குப் பகல் ஷிப்டு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் என் பின்னாலேயே ஓடி வந்து நின்றார். பெரியம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை.

அடுத்தது உன்னைப் பிரசவம் பார்த்த ஆயா. சிலுவை கிடையாது. ஆழத்தில் துளை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்த உருளைக் கல் இருக்குமே, நீங்கள் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக நட்ட கல், அதையே சுற்றிலும் வேலி மாதிரி நட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று சாய்ந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்காத பொம்பளை, அவளுக்குச் சுற்றிலும் சுரங்கத்துக் கல்.

மீதிப் பேரில் ஆறு பேர் நெஞ்சு. டி.பி. என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம். பாப்பா சொல்கிறாள், 1940-களிலேயே இந்த ஊரில் ஏழாயிரம் சொச்சம் தொழிலாளிகளை நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்களாம். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் நுரையீரலில் கல்தூசி இருந்ததாம். சிலிகோசிஸ் என்று பெயர். தூசி போய் உட்கார்ந்த நெஞ்சில் டி.பி. சுலபமாக வந்து ஏறிக்கொள்ளுமாம். உட்கார்ந்த தூசியை எடுக்க இன்றைக்கும் மருந்து கிடையாதாம். இன்னும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்றாள். நான் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மூன்று பேர், 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு போனவர்கள். குடித்தே போனவர் ஒருவர், பெங்களூர் ரயிலில் வாட்ச்மேன் வேலைக்குப் போய் வந்து போய் வந்து தேய்ந்தவர் ஒருவர், இன்னொருவரைப் பற்றி எழுத வேண்டாம். அவர் மகன் உனக்கு வேண்டியவன். 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்த ஊர் என்று பெருமை பேசுகிறார்கள். கடைசியில் ஒரு டன் கல்லை உடைத்தால் மூணு நாலு கிராம் கிடைத்ததாம். மீதி எல்லாம் மாவாகி மேடாகி நம் வாசலில் நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வேலையில் கல்லை அறுக்கும்போது தண்ணீர் விடுகிறார்களா? போன மாசம் கேட்டேன், "விடுவாங்கம்மா" என்றாய். விடுவார்கள் என்றால் என்ன? எப்போதுமா, யாராவது பார்க்க வரும்போதா? பாப்பா போனில் எதையோ படித்துக் காட்டினாள். சமையல் மேடைக்குப் போடுகிற அந்தச் செயற்கைக் கல்லில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குவார்ட்ஸ் தூள்தானாம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து அந்தக் கல்லை அறுக்கவே கூடாது, விற்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். குவார்ட்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். நம் வெள்ளைக்கல்தான். நைனா உடைத்த அதே வெள்ளைக்கல்.

அவள் எதேச்சையாகத்தான் படித்தாள். உன் வேலை பளிங்குக் கடையில் என்றுதான் அவளுக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கொள்ளுத்தாத்தாவை நினைத்துப் பார். 1930-இல் தொழிலாளிகள் எல்லாரும் கைரேகை வைக்க வேண்டும் என்றபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று மூன்று வாரம் ஒருத்தரும் சுரங்கத்தில் இறங்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். கேழ்வரகுக் கூழுக்குக் கடன் வாங்கினார்களாம். கட்டைவிரலுக்காகப் பட்டினி கிடந்தவர் அவர். அவருடைய கொள்ளுப் பேரன் முதலாளியிடம் ஒரு தண்ணீர்க் குழாய் கேட்கப் பயப்படுகிறான். கேள் கண்ணு. தண்ணீர் விட்டு அறுக்கச் சொல். துணி கட்டினால் போதாது, முகத்தோடு ஒட்டி மூடுகிற மாஸ்க் வேண்டும் என்கிறாள் பாப்பா. தண்ணீரும் வேண்டும், மாஸ்கும் வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அந்த மிஷின் பக்கம் போகாதே. தண்ணீர் இல்லாமல் மட்டும் அறுக்காதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ வந்திருந்தபோது உன் துணியை நான்தான் துவைத்தேன். சட்டைப் பையின் தையல் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. பவுடர் என்று நினைத்தேன். அலசிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினால் பக்கெட் அடியில் ஒரு விரற்கடை வண்டல். விரலால் தேய்த்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் நைனா துணியைத் துவைத்த விரல் இது. வெயிலில் பிடித்தால் மின்னும், பல்லில் பட்டால் நறநற என்னும். எனக்கு அப்போதே தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் நீ பாப்பாவுக்கு வாங்கி வந்த போனைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். வீடே சிரித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது போனில் நீ செய்கிற வேலையும் எனக்குத் தெரிகிறது. பேசிக்கொண்டே இருக்கிறாய், திடீரென்று சத்தம் நின்றுபோகிறது. "நெட்வொர்க் போச்சும்மா" என்கிறாய். நெட்வொர்க் போனால் படமும் நின்று போகும் என்று பாப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உன் படம் நிற்கவில்லை. தோள் குலுங்குகிறது, கண் சிவக்கிறது, வாயைத் துண்டால் பொத்துகிறாய். அப்புறம் சத்தம் திரும்ப வருகிறது. நைனா பின்பக்கக் குழாயடிக்குப் போவார், குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். நீ போனில் அந்தப் பொத்தானை அழுத்துகிறாய்.

நீ பாப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், தாத்தா பிடிவாதக்காரர், சுரங்கத்துக்கு வெளியே மேல் வேலைக்கு மாறச் சொல்லியும் கேட்காமல் செத்தார் என்று. நேற்று கல்லறையில் அவள் அதை அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னாள். எனக்குக் கால் நடுங்கிப்போனது.

நைனாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை கண்ணு. என்னிடம்தான் சொன்னார்கள். 1994-இல் படம் எடுத்தார்கள். அவர் ஷிப்டில் இருந்ததால் சீட்டு வாங்க நான் போனேன். டாக்டர் என்னை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தூசி ஏறியிருக்கிறது, இந்தச் சீட்டைக் காட்டி மேல் வேலை கேட்கச் சொல், இனி கீழே இறங்க வேண்டாம் என்றார். மேல் வேலை என்றால் சம்பளம் குறையும். நீ அந்த வருஷம்தான் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தாய். என் கம்மலும் அடகில் இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் வழியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். உன் படிப்பு மூன்று வருஷம், அதுவரைக்கும் தாங்கினால் போதும் என்று. அவர் வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வெறும் சளிதான், கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்றேன். கஷாயமும் வைத்துக் கொடுத்தேன். சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன்.

நீ படித்து முடித்து இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். கடைசி மாசம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "மேல் வேலை கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களோ" என்று ஒரு தடவை என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று நீ முதன்முதலில் சொன்னபோதும் நான் பதில் சொல்லவில்லை. நீ அவர்மேல் கோபமாகவே இருந்துவிட்டாய். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் ஒருபோதும் மண்ணுக்குள்ளே போகமாட்டேன் என்று அவர் காரியத்தன்று சொன்னாய். நீ சொன்னபடியே வெளிச்சத்தில் வேலை செய்கிறாய் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே நெஞ்சுப் படம் எடு. கல் அறுக்கிற வேலை என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லு, சொல்லாவிட்டால் சளி என்றுதான் பார்ப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லு, உன் பொண்டாட்டியிடமும் சொல்லு. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, வந்துவிடு. பாப்பாவுக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி என்று நீ கணக்குப் போடுவாய். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், போடாதே. ஃபீஸுக்கு இந்தத் தளத்தை வைத்துக் கடன் வாங்கலாம். அதுவரைக்கும் தண்ணீர் விட்டு அறு. போனில் இருமல் வந்தால் சத்தத்தை அணைக்காமல் இருமு.

எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன். நைனா சீட்டையும் இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். நாலாக மடித்து முப்பது வருஷமாயிற்று, மடிப்பில் கிழியும். பார்த்துப் பிரி.

அம்மா