சாட்சியின் சனம் அக்கரையில் இருக்கிறது: ஒரு திறந்த மடல்

இலங்கைப் போர்க்குற்றங்களுக்குச் சாட்சியம் திரட்டும் சர்வதேச அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் இருந்து எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பதும் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. அக்கரையில் இருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர்கள் உங்களிடம் பேசும்போது, நடுவில் உட்கார்ந்து உங்கள் கேள்வியைத் தமிழிலும் அவர்கள் பதிலை இங்கிலீஷிலும் சொல்பவர்களில் நானும் ஒருவன். முள்ளிவாய்க்காலில் 2009இல் என்ன நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சமீபத்தில் ஒரு சாட்சி விலகிக்கொண்டார். வாக்குமூலம் வாங்கியிருந்தது உங்களில் ஓர் அமைப்பு. எது என்று எழுதவில்லை, உரியவர்களுக்குத் தெரியும். அவர் விலகியதை மின்னஞ்சலில் தெரிவித்தேன். சுருக்கமாகப் பதில் வந்தது. அவருடைய முடிவை மதிக்கிறோம், நன்றி, அதே சம்பவத்தைப் பார்த்த வேறு யாராவது இருந்தால் அறிமுகப்படுத்த முடியுமா? அந்தக் கடைசி வரிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

அவர் ஆணா பெண்ணா, அகதி முகாமில் இருப்பவரா வெளியே பதிவு செய்துகொண்டு தங்கியிருப்பவரா, சொந்த ஊர் மன்னாரா முல்லைத்தீவா என்று எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. தொண்டிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவதற்கு அவருடைய சம்மதம் இருக்கிறது.

தனியான, பாதுகாப்பான இடத்தில் இருந்து பேசவும் என்று உங்கள் குறிப்பில் இருந்தது. அவர் இருப்பது ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டில் குழம்பு தாளித்தால் இங்கே தும்மல் வரும். எங்கே போவது? கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். விசிறிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை என்றதும் விசிறியையும் நிறுத்தினோம். வேர்த்து வடிய வடிய, பல வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். கேட்ட அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

சில வாரம் கழித்து அக்கரையில் இருக்கும் அவர் வீட்டுக்கு இரண்டு பேர் போயிருக்கிறார்கள். மிரட்டவில்லை, கத்தவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “இந்தியாவில இருக்கிற உங்கட ஆள் இப்ப யாரோட கதைக்கிறார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களிடம் இருந்துதான் விஷயம் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பயமே. அன்று சாயங்காலம் அவர் என்னிடம் வந்தார். “எனக்கு இனி இது வேண்டாம் தம்பி. சனமெல்லாம் அங்கதானே இருக்கு” என்றார்.

அவசரத்துக்கு என்று நீங்கள் கொடுத்திருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அப்புறம் ஒருநாள் ஒரு பிடிஎஃப் வந்தது, முழுக்க இங்கிலீஷில். அச்சுறுத்தல் இருப்பதாக உணர்ந்தால் உள்ளூர் காவல்துறையை அணுகவும் என்று அதில் எழுதியிருந்தது. ஐயா, அம்மா, எந்த உள்ளூர்? இங்கே என்றால், அவர் எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார் என்று கணக்கு வைத்திருப்பதே போலீஸ்தான். அங்கே என்றால், வீட்டார் ஸ்டேஷனுக்குப் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பார்கள்? “எங்கள் சொந்தக்காரர் உங்கள் ராணுவத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார், அதனால் யாரோ வந்து விசாரித்தார்கள்” என்றா?

நான் கேட்பது ஒன்றுதான். வாக்குமூலம் வாங்குவதற்கு முன்னால், அக்கரையில் இருக்கும் வீட்டாருக்கு என்ன பாதுகாப்பு என்று தமிழில், எழுத்தில் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால், இல்லை என்றாவது சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிதும் இல்லை. கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழக்கு ஹேக் நகரத்தின் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வரைக்கும் போனது. அப்போது அந்நாட்டு ஜனாதிபதியாக இருந்த கென்யாட்டா மீதான குற்றச்சாட்டுகளை 2014 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். துணை ஜனாதிபதியாக இருந்த ரூட்டோ மீதான வழக்கு 2016 ஏப்ரலில் பாதியில் முடிந்தது. அந்த ஒரு வழக்கில் மட்டும் 17 சாட்சிகள் விலகிக்கொண்டதாகத் தலைமை வழக்குத்தொடுநர் ஃபத்தூ பென்சூடாவே அறிவித்தார். ரகசியமாக வைத்திருந்த சாட்சிகளின் அடையாளத்தைச் சமூக வலைதளங்களில் போட்டு உடைத்தார்கள், தனக்கும் குடும்பத்துக்கும் என்ன ஆகுமோ என்ற பயத்தில் சாட்சிகள் ஒதுங்கினார்கள் என்றும் சொன்னார். சாட்சிகளைக் கலைத்ததாக மூன்று பேர் மீது பிடியாணை போனது. அதில் ஒருவர் மீது விசாரணை நடந்தது, தீர்ப்புக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ரூட்டோ 2022இல் ஜனாதிபதி ஆனார். விலகிய அந்த 17 பேரின் வீட்டார் என்ன ஆனார்கள் என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்தீர்களா?

இலங்கைக்கு உள்ளேயும் இதே கதைதான். திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட, சிறப்பு அதிரடிப் படையினர் உட்பட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். முக்கியமான சாட்சிகள் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

கென்யாவுக்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது. நம் விஷயத்தில் அதுவும் இல்லை. ஐநா மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானம் போட்டது. சாட்சியங்களைத் திரட்டிப் பத்திரமாக வைக்கும் வேலை ஐநா மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்கு வந்தது. நல்லது. ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த இதுவரை ஒரு சர்வதேச மன்றம் அமையவில்லை. இன்னும் தொடங்காத வழக்கில் இருந்துதான் எங்கள் ஆள் விலகியிருக்கிறார்! அவர் கொடுத்தது எப்போதோ வரப்போகும் ஒரு வழக்குக்கு, ஆபத்து மட்டும் இப்போதே வந்துவிட்டது.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஹேக் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 43ஆம் பிரிவு, சாட்சி சொன்னதன் காரணமாக ஆபத்துக்கு உள்ளாகும் மற்றவர்களையும் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் சேர்க்கிறது. ஆனால் இந்தியாவும் அதில் உறுப்பினர் இல்லை, இலங்கையும் இல்லை. இங்கே 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் குடும்பத்தாருக்கும் இடம் உண்டு. ஆனால் அது இந்திய நீதிமன்ற வழக்குகளுக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் தண்ணீர். அதைத் தாண்டி ஒரு சட்டமும் போவதில்லை. வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்களுக்கு மட்டும் எல்லாச் செய்தியும் தாண்டிப் போய்விடுகிறது.

எங்கள் கரைக்கு ஆள் வராத காலமே இல்லை. தேர்தல் வந்தால் கச்சத்தீவைப் பேச வருகிறார்கள். படகைப் பிடித்தால் கேமராவோடு வருகிறார்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் முகாம் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவைக் கூட்டம் நெருங்கும்போது உங்கள் மின்னஞ்சலும் சுறுசுறுப்பாகிவிடுகிறது. கூட்டம் முடிந்ததும் அந்த அவசர எண்ணைப் போலவே எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. சரி, இதையெல்லாம் உங்கள் கணக்கில் மட்டும் எழுதுவது முறையில்லை. உங்களில் பலர் குறைந்த ஆட்களோடு, குறைந்த பணத்தோடு வேலை செய்கிறீர்கள் என்பதும் தெரியும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டாரைக் கணக்கில் எடுங்கள். அங்கே யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் தமிழில் பேச ஆள் உண்டா என்பதை வாக்குமூலத்தின் முதல் கேள்விக்கு முன்பே பேசி முடியுங்கள். விலகியவரையும் விட்டுவிடாதீர்கள். அவர் விலகிவிட்டதை, விசாரிக்க வந்த அந்த இரண்டு பேருக்கு யார் போய்ச் சொல்வது?

வேறு சாட்சி கேட்டிருந்தீர்கள். அந்தச் சம்பவத்தைப் பார்த்த இன்னும் சிலரை எனக்குத் தெரியும். மேலே கேட்டதற்குப் பதில் வரும்வரை அவர்களிடம் நான் பேசப்போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஷட்டருக்குள் உட்கார்ந்து அவர் பேசிய அந்த ஒலிப்பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது, அழித்துவிட்டீர்களா, அழிக்க முடியாது என்றால் யார் யார் அதைக் கேட்கலாம் என்று அவர் கேட்கச் சொன்னார். தயவுசெய்து அதற்குத் தமிழில் பதில் எழுதுங்கள். நான் படித்துக்காட்டத் தேவையில்லாமல் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்.