இருவரும் ஒருவரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், 'ஆதார் வைத்திருக்கிற இந்தியன் எதற்குப் பயப்பட வேண்டும்? சோதனைக்கு வந்தால் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே' என்று எழுதியிருந்தார். வங்கதேசத்தினர் என்று சந்தேகித்துப் பிடித்துப் போகிறவர்களைப் பற்றிய பேச்சு அது. அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 1987 முதல் 31 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். பிறப்பு இறப்புப் பதிவேடு, அடங்கல், கிஸ்தி ரசீது எல்லாம் என் கையெழுத்தில் போயிருக்கின்றன. ஆளுக்கும் அவரைப் பற்றிய காகிதத்துக்கும் நடுவில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் பாதியைச் செய்தவனே நான்தான்.

ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். இது அடையாளத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. சரி, வேறு காகிதம் காட்டலாமே என்றால், அசாமில் ஒரு பெண் ஒரு டஜனுக்கு மேல் காட்டிப் பார்த்தார். பான் அட்டை, வங்கிப் புத்தகம், நிலவரி ரசீது எதுவும் குடியுரிமையை நிரூபிக்காது என்று 2020 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலவரி ரசீது என்றால் நம் ஊர் கிஸ்தி ரசீதுதான். அந்த வரியைப் படித்தபோது பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன், ஒவ்வொன்றையும் வாங்கியவர்கள் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்த புதிதில், ஒரு இறப்பைப் பதிய வந்தவர்கள் 'முத்தாள்' என்று பெயர் சொன்னார்கள். கொங்கு நாட்டில் பெண்களுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவசரத்தில் பாதியை விழுங்குகிறார்கள் என்று நினைத்து 'முத்தம்மாள்' என்று எழுதிவிட்டேன். ரேஷன் அட்டையில் முத்தாள், பட்டாவில் முத்தாள், இறப்புச் சான்றில் முத்தம்மாள். வாரிசுச் சான்றுக்காக அந்த அம்மாவின் மகள் இரண்டு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். கடைசியில் நானே விசாரணை செய்து, 'இருவரும் ஒருவரே' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் காரியம் முடிந்தது. தப்புச் செய்தவன் நான், செருப்புத் தேய்ந்தது அவருக்கு. எங்கள் அலுவலகங்களில் இது சாதாரணம். என் சொந்தப் பிறந்த தேதியே பொய்தான். அம்மா ஐப்பசி அடைமழை என்பாள். தலைமையாசிரியர் ஜூன் 1 என்று போட்டார். அரசாங்கம் ஜூன் 1-ஐ நம்பி என்னை வீட்டுக்கு அனுப்பியது.

இதே மாதிரி பிழைகளுக்கு அசாமில் ஆட்களைச் சிறையில் வைத்தார்கள். நல்பாரி மாவட்டத்துக்காரர் ஒருவரின் வழக்கில், ஆவணங்களில் பெயரின் எழுத்தும் தேதியும் கொஞ்சம் மாறியிருந்தன என்பதுதான் பெரிய குறை. அதற்காக ஒருவரை வெளிநாட்டவர் ஆக்க முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அவர் இந்தியர்தான் என்று அறிவித்தது. இந்த வழக்குகளை விசாரிக்கும் வெளிநாட்டவர் தீர்ப்பாயம் அவரை முதலில் வெளிநாட்டவர் என்று சொல்லி 12 வருஷம் ஆகியிருந்தது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சிராங் மாவட்டத்தில் இன்னொன்று நடந்தது. வெளிநாட்டவர் என்று போலீஸ் தேடி வந்த பெண் முன்பே இறந்துவிட்டார். அதே கிராமத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் இருந்த வேறொரு ஏழைப் பெண்ணைக் கொண்டுபோனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். 'அவள் நான் இல்லை' என்பதை நிரூபித்து வெளியே வர அவருக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பிடித்தது, 2019 ஜூன் வரைக்கும். அந்த முத்தாள் விஷயம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது இதனால்தான்.

அதே 2019-ல், சுமார் 30 வருஷம் ராணுவத்தில் இருந்து கார்கிலையும் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு அசாம் எல்லைக் காவல் பிரிவில் வேலை பார்த்தவரையே வெளிநாட்டவர் என்று கோல்பாரா தடுப்பு முகாமில் அடைத்தார்கள். சந்தேகப்பட்டவர்களை விசாரிப்பதே அந்தப் பிரிவின் வேலை! பழைய விசாரணை அறிக்கையில் அவரைக் கூலித் தொழிலாளி என்று எழுதியிருந்தது. அந்தச் சமயத்தில் அவர் ராணுவச் சீருடையில் இருந்தார். நேரில் போகாமல் உட்கார்ந்த இடத்தில் எழுதிய அறிக்கையின் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாசகருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. திருட்டு வழக்கு என்றால், நீங்கள் திருடினீர்கள் என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். குடியுரிமை என்று வந்தால் அது தலைகீழ். நான் இந்தியன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 1946 சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. விசாரணைக்கு வரவில்லையா, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு. 1985 முதல் 2019 பிப்ரவரி வரை அசாமில் 63,959 பேரை இப்படி அவர்கள் இல்லாமலே வெளிநாட்டவர் என்று அறிவித்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நானும் தலையாரியும் எத்தனையோ நோட்டீஸ்களைப் பூட்டிய கதவில் ஒட்டி 'சார்வு செய்யப்பட்டது', அதாவது உரியவரிடம் சேர்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறோம். மழை வந்தால் ஒரு நாள்கூட நிற்காது.

எங்கள் தெரு லைன் வீடுகளில் மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங், அயர்ன். போன ஆகஸ்டில் ஒருவன் பிளாஸ்டிக் கவரோடு வந்து, "சார், இது போதுமா பாருங்க" என்றான். ஆதாரில் பெயருக்கு முன்னால் 'எஸ்கே' என்று இருந்தது, பள்ளிச் சான்றில் 'ஷேக்'. இரண்டும் ஒன்றுதான், அந்தப் பக்கத்தில் சுருக்கி அப்படி எழுதுவார்களாம். அவன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் காத்தூன், அப்புறம் பீபி, அப்பா இறந்ததும் பேவா. ஒரே பெண், மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். நம் வீட்டுப் பெண்களின் இனிஷியல் அப்பாவிலிருந்து கணவருக்கு மாறுவதில்லையா? அந்த மாதிரிதான். நமக்கு அது பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு நாள் அலைச்சல். அவனுக்கு அதனால் ராத்திரித் தூக்கமே போகிறது.

வெளிநாட்டினரே இங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் எங்கள் திருப்பூர் மாவட்டத்திலேயே வங்கதேசத்தினர் 31 பேரைக் கைது செய்தார்கள். பிடிக்கட்டும், அது அரசாங்கத்தின் வேலை. முதலில் சரிபார்த்துவிட்டு அப்புறம் அடையுங்கள் என்பதுதான் என் கட்சி. 2025 மே மாதம் மத்திய உள்துறை, சந்தேகத்துக்கு உரியவர்களைச் சரிபார்க்க மாநிலங்களுக்கு 30 நாள் கெடு கொடுத்தது. முப்பது நாளில் பக்கத்து வருவாய் வட்டாரத்திலிருந்தே எனக்கு ஒரு பதிவேட்டு நகல் வந்ததில்லை, வங்காளத்திலிருந்து எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். அந்த 30 நாளைக்கூடக் கொடுக்கவில்லை. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியை டெல்லியில் பிடித்து, ஜூன் முடிவதற்குள் கணவர், எட்டு வயது மகனோடு எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே அவர்களை இந்தியர்கள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. டிசம்பரில்தான் அவரும் மகனும் மால்டா வழியாக வந்தார்கள், நிறைமாதத்தில்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'வங்கதேசத்தினர் பிடிபட்டனர்' என்று முதல் நாள் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பத்து நாள் கழித்து அதில் நாலு பேர் முர்ஷிதாபாத்காரர்கள் என்று தெரிந்து விட்டுவிட்டால், அது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் முதல் செய்தியைத்தான் படித்திருப்பார், ரூமைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். சரிபார்த்து முடியும்வரை 'சந்தேகத்தின் பேரில்' என்று சேர்த்துப் போடுங்கள். விட்டுவிட்டார்கள் என்றால் அதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
பல்லடம்.