பத்திர எழுத்தர்களே, குடியிருப்பவரையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய பத்திர எழுத்தர்களுக்கு, வணக்கம்.

"மேற்படி சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்" என்று கிரையப் பத்திரத்தில் எழுதுகிறீர்கள். அதே நேரத்தில் அந்த வீட்டு மாடிக் கொடியில், வாடகைக்குக் குடியிருப்பவரின் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. அவரைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. வில்லங்கச் சான்றிலும் தெரியாது. 11 மாத வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவதே இல்லை.

பிறகு சண்டை அட்வான்ஸில் தொடங்குகிறது. காலி செய்கிறவர் புதிய உரிமையாளரிடம் கேட்பார். அவரோ, "என் கைக்கு வரவே இல்லையே" என்பார். விற்றவர் போனை எடுக்கமாட்டார்.

சொத்து விவரத்துக்குக் கீழே ஓர் அட்டவணை சேர்த்தால் போதும்: போர்ஷன், குடியிருப்பவர் பெயர், மாத வாடகை, எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார், அட்வான்ஸ், ஒப்பந்தத் தேதி. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி இதை நிரப்பாதீர்கள். பதிவுக்கு முன்பே ஒவ்வொரு குடியிருப்பவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஏசி, கீசர் யாருடையது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மூன்று போர்ஷன், தலைக்கு 36,000 அட்வான்ஸ் என்றால் மொத்தம் 1,08,000. அதற்காகக் கிரையத்தொகையைக் குறைத்துக் காட்டாதீர்கள். முத்திரைத்தீர்வையில் சிக்கல் வரும். முழுத்தொகையை எழுதி, அதில் 1,08,000 ரூபாயை அட்வான்ஸ் திருப்பித் தருவதற்காக வாங்குபவர் நிறுத்திக்கொண்டார் என்று எழுதுங்கள்.

பழைய வாடகை பாக்கி இருந்தால் அது யாருக்கு என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டம் 109ஆம் பிரிவின்படி கிரையத்துக்கு முந்தைய பாக்கியை வாங்கியவர் கேட்க முடியாது. விற்பனை நடந்தது தெரியாமல் குடியிருப்பவர் பழையவரிடமே வாடகை கட்டினால் அதுவும் செல்லும். அதனால் பதிவு முடிந்த அன்றே விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட கடிதம், புதிய வங்கிக் கணக்கு எண்ணோடு, ஒவ்வொரு போர்ஷனுக்கும் போய்ச் சேர வேண்டும்.

"வாங்குங்க சார், அவங்களைக் காலி பண்ணித் தந்துடறேன்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் பத்திரம் போடாதீர்கள். வீடு கைமாறியதால் மட்டும் குடியிருப்பவரின் உரிமை போய்விடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி யாரையும் கிளப்பவும் கூடாது. காலி வீடுதான் பேச்சு என்றால், தேதியையும் அதுவரை நிறுத்திவைக்கும் தொகையையும் கிரைய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.