தள்ளி நின்று தாங்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் சட்டப்படி தத்தெடுத்தவர்களும், பெற்றவரோடு இருக்க முடியாத குழந்தையைத் தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் குழந்தைகளை ஏற்றவர்களுமாகப் பெற்றோர் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பொத்தாம்பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் செய்தது என்ன, அது ஏன் பலித்தது என்று எடுத்துச் சொல்வதுதான் உங்களுக்குச் செய்யும் மரியாதை. இனி ஒரு குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரப் போகிறவர்களும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

பசி, அடி, கைவிடப்படுதல், ஆள் மாற்றி ஆள் கைமாறுதல் என்று சின்ன வயதிலேயே பட்டுவிட்ட குழந்தைக்கு வாரம் ஒரு மணி நேரச் சிகிச்சை மட்டும் போதாது. மிச்ச நேரத்தில் அது யார் யாரோடு புழங்குகிறதோ, அவர்கள் எல்லோருக்கும் அந்தச் சிகிச்சையில் பங்கு உண்டு. உங்களில் பலர், வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் நிறுத்திக்கொண்டே பெரிய உதவி செய்தீர்கள்.

முதல் நன்றி, தத்துக் கொடுக்கும்வரை குழந்தைகளை வைத்து வளர்க்கும் தத்துவள மையங்களின் ஆயாம்மாக்களுக்கு. மையம் தரும் கோப்பில் குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். எடை, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் கிடைத்துவிடும். கால் பெருவிரலை யாராவது பிடித்திருந்தால்தான் உறங்கும், குக்கர் விசிலுக்கு மிரளும், தலையில் தண்ணீர் ஊற்றும் முன் "ஊத்தப் போறேன்" என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே இராது. அவற்றைத் தனித் தாளில் எழுதித் தந்தவர்கள் நீங்கள். எந்தப் பால் பவுடர், எத்தனை மில்லி தண்ணீருக்கு எத்தனை கரண்டி, எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள், என்ன பாட்டுப் பாடித் தூங்கவைப்பீர்கள் என்றும் எழுதினீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அதே உணவையும் அதே நேரத்தையும் மாற்றாமல் வைத்திருக்க அந்தத் தாள்தான் உதவுகிறது.

துவைக்காத போர்வையை அப்படியே கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி. துவைத்து மடித்துக் கொடுப்பதே அழகு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரே நாளில் முகம், குரல், படுக்கை, சாப்பாடு எல்லாம் மாறிப்போகும் குழந்தையோடு கூடவே வரக்கூடியது அந்த வாசனை ஒன்றுதான். சில வாரங்கள் கழித்துத் துவைத்தே ஆக வேண்டுமென்றால், மையத்தில் பயன்படுத்திய அதே சோப்பில் துவைத்தால் நல்லது. இன்னொன்று, தூங்கும் குழந்தையைச் சத்தமில்லாமல் கைமாற்றாமல், விழித்திருக்கும்போது உங்கள் கையாலேயே கொடுத்து "அம்மாகூடப் போயிட்டு வா ராசா" என்று விடைகொடுத்தீர்கள். தூக்கத்தில் எடுத்துவரப்பட்ட குழந்தை விழித்ததும் தேடும். பிறகு தூங்கவே பயப்படும். தூங்கினால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்பதுதான் அது கற்றுக்கொண்ட பாடம்.

கோப்புகளை மேசையில் தூங்கவிடாத, குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க, 2 வயதுக்கு உட்பட்டதென்றால் 2 மாதமும், அதற்கு மேற்பட்டதென்றால் 4 மாதமும் சட்டம் தரும் அவகாசம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஏன் கனமானது என்பதற்கு ருமேனியாவில் சான்று இருக்கிறது. புகாரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000-ஐ ஒட்டித் தொடங்கிய ஆய்வு அது. ஏறத்தாழ 2 வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், பிந்திப் போனவர்களைவிட அறிவு வளர்ச்சியிலும், வளர்ப்பவரைத் தனக்கு உரியவராகப் பற்றிக்கொள்ளும் ஒட்டுதலிலும் தெளிவாக முன்னேறினார்கள். பிந்தி வந்த குழந்தைகளுக்கு வழி அடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்களுக்கு உழைப்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

அடுத்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல் இருந்த உறவினர்களுக்கு. இது எவ்வளவு கடினம் என்று நமக்கெல்லாம் தெரியும். வீட்டுக்குப் பிள்ளை வந்தால் ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சுவதுதான் நம் ஊர் வழக்கம். ஆனால் இல்லத்தில் வளர்ந்த குழந்தை, பணிமுறை மாறும்போதெல்லாம் கை மாறிக் கை மாறி, எல்லாக் கையும் ஒரே கை என்று பழகியிருக்கும். வருபவர் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே தாவும். "எவ்வளவு பழகுற புள்ள" என்று மெச்சுவோம். ஆனால் அது இன்னும் யாரையும் தனக்கு உரியவராகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தேற்றுவது எல்லாம் பெற்றோர் மட்டுமே செய்ய வேண்டும். அழுதால் இன்னார் வருவார் என்பது ஆயிரம் முறை நடந்தால்தான் அந்த மனதில் பதியும். இருபது கைகள் அதைப் பங்குபோட்டால் பதியாது.

பாட்டிமார்கள் சமையலையும் துணியையும் ஏற்றுக்கொண்டார்கள். தின்பண்டம் கேட்டு வந்த பிள்ளையை "அம்மாகிட்ட கேளு கண்ணு" என்று திருப்பி அனுப்பினார்கள். மடியில் ஏறிய பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்! தாய்மாமன்மார்கள் மொட்டையையும் காதுகுத்தையும் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ தள்ளிப்போட்டார்கள். தலையை அழுத்திப் பிடிப்பதும், கத்தியும், மேளமும், சுற்றி நிற்கும் கூட்டமும் எந்தக் குழந்தைக்கும் அழுகை வரவைக்கும். இந்தக் குழந்தைக்கோ, நம்பத் தொடங்கிய அதே கைகளே தன்னை அமுக்கிப் பிடிக்கின்றன என்றாகிவிடும். பிறகு செய்தபோதும், காலை நேரத்தில், நாலைந்து பேரோடு, முடியிறக்குபவர் ஒருமுறை வெறும் கையோடு வந்து பேசிப் பழகிய பின்னரே செய்தீர்கள்.

சாப்பாட்டை ஒளித்துவைக்கும் பிள்ளையைத் 'திருட்டுக் கை' என்று ஒரு வார்த்தை சொல்லாத அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. தலையணைக்கு அடியில் இட்லி கிடந்தால், அது அடுத்த வேளை வருமா என்ற பயம். இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அதன் பெயர் ஒட்டிய டப்பா ஒன்று, எப்போதும் காலியாகாமல் இருக்க வேண்டும். பொரி, பிஸ்கட், வாழைப்பழம் போதும். முழுக் கடலை சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும், வேண்டாம். ஒளித்ததைக் கண்டால், "இந்த டப்பாவுல வை, எறும்பு வராது" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவது எல்லாவற்றையும் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். பழக்கம் குறைய மாதங்கள் ஆகும். காய்ச்சலிலோ பள்ளி திறக்கும்போதோ திரும்ப எட்டிப்பார்க்கும். பயப்பட வேண்டியதில்லை.

குழந்தை மருத்துவர்களே, முத்திரை குத்த அவசரப்படாததற்கு நன்றி. வாசலையே பார்த்துக்கொண்டு, எந்தச் சத்தத்துக்கும் திரும்பி, ஒரு நிமிடம் உட்காராத பிள்ளையைக் கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறு (ADHD) என்று எழுதிவிடுவது சுலபம். ஆபத்தை எதிர்பார்த்தே காத்திருக்கும் பிள்ளையும் அப்படித்தான் தெரியும். நீங்கள் முதலில் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தசோகை உண்டா, தைராய்டு சரியா, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று பார்த்தீர்கள். கூப்பிட்டாலும் அசையாமல் வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, அது வலிப்பா, பயத்தில் மனம் விலகிப்போகும் நிலையா என்று பிரித்தறிய, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுக்கச் சொன்னீர்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவ அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டி, செலவையும் குறைத்தீர்கள்.

இனி சிகிச்சையாளர்கள். முதல் சில அமர்வுகளுக்குப் பெற்றோரை மட்டும் வரச்சொன்னீர்கள். குழந்தை வந்தபின், "உனக்கு என்ன நடந்துச்சு?" என்று தோண்டவே இல்லை. பாதுகாப்பு உறுதியாகும் முன் பழைய காயத்தைக் கிளறினால், குழந்தை வீட்டுக்குப் போய் அதைத் தனியாகச் சுமக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே கிழமை, அதே நேரம், அதே அறை, 45 நிமிடம், பெற்றோர் உடனிருக்க. உங்களுக்கு விடுப்பு என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, காலண்டரில் அந்தத் தேதிகளைக் குழந்தையையே அடித்துக் குறிக்கவைத்தீர்கள். சொல்லாமல் காணாமல் போகும் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு, சொல்லிவிட்டுப் போய்ச் சொன்னபடி திரும்பிய ஒருவர் கிடைத்தார்.

கொந்தளிப்பு வந்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்றும் பழக்கிக்கொடுத்தீர்கள். குழந்தையின் கண்மட்டத்துக்குக் கீழே, நேருக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் உட்கார வேண்டும். குரலைத் தாழ்த்தி, நாலு சொல்லுக்கு மேல் பேசக் கூடாது. தனி அறையில் தள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது. குடிக்க ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் தரலாம். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்ற கேள்விக்கு அதனிடமே பதில் இல்லை. நடந்ததைப் பேச, உடம்பு அடங்கி அரை மணி நேரமாவது ஆகட்டும். மறுநாள் பேசினாலும் தவறில்லை.

அன்றாடச் செயல்கள் வழியே உடலையும் புலன்களையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பார்ப்பவர்கள் விலையுயர்ந்த கருவி எதையும் வாங்கச் சொல்லாமல், நம் வீட்டுத் தூளியையே எடுத்துக் கொடுத்தார்கள். கான்கிரீட் கூரையில் பதித்த கொக்கி, இரண்டாக மடித்த பருத்திச் சேலை, தரையிலிருந்து ஓர் அடி உயரம், கீழே மெத்தை. முன்னும் பின்னுமாக மெதுவாகப் பத்து நிமிடம் ஆட்டினால் உடம்பு அடங்கும். சுழற்றினால் கிளர்ச்சி கூடும். முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, கொட்டாவி தொடர்ந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. சப்பாத்தி மாவு பிசைவது, வாளியில் தண்ணீர் தூக்குவது போன்ற பாரமான வேலைகளும் பள்ளிக்குக் கிளம்பும் முன் உதவும். பாரம் குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

தூளியில் ஏறுவதும் இறங்குவதும் குழந்தையின் விருப்பம், முகத்தைத் துணி மூடக் கூடாது என்று நீங்கள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிள்ளையை அமுக்கிப் பிடித்து உள்ளிருக்கும் கோபத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லும் முறைகள் சில நாடுகளில் இருந்தன. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில், தத்தெடுக்கப்பட்ட 10 வயதுச் சிறுமி ஒருத்தி, துணியில் சுற்றி அழுத்தப்பட்ட அப்படியோர் அமர்வில் மூச்சுத்திணறி இறந்தாள். மறு ஆண்டே அந்த மாநிலம் அதைத் தடைசெய்தது. ஒட்டுதலை விரைவில் வரவழைத்துத் தருவதாக யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்று எங்களிடம் சொன்ன சிகிச்சையாளர்களை மறக்க மாட்டோம்.

ஆசிரியர்களே, சுவரை ஒட்டி, வாசல் தெரியும் இடத்தில் உட்காரவைத்தீர்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லையென்றால்தான் பாடம் காதில் ஏறும். மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே சொன்னீர்கள். வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கும் தண்டனையை விட்டுவிட்டு, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னீர்கள். குடும்ப மரம் வரையும் பாடத்தையும், கைக்குழந்தைப் படம் கொண்டுவரும் வேலையையும் வகுப்பு முழுவதற்குமே மாற்றி, 'என்னைப் பார்த்துக்கொள்பவர்கள்' என்று வரையச் சொன்னீர்கள். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால் எல்லோர் கண்ணும் அதன்மேல் திரும்பியிருக்கும்.

வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு சுமை: பெற்றவரைப் பார்க்கும் நாள். பார்த்துவிட்டு வந்த இரவு படுக்கையை நனைக்கும், பொருளை உடைக்கும். சந்திப்பை நிறுத்திவிடுவதுதான் வழி என்று உடனே தோன்றும். குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்கள் நிறுத்தாமல், சந்திப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார்கள். மறுநாள் பள்ளி இல்லை, அன்று மாலை டியூஷன் இல்லை, வழக்கமான தோசை, சீக்கிரம் தூக்கம். மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையை நாள் தவறாமல் அனுப்பிய அலுவலர்களுக்கும் நன்றி. சிகிச்சைக்கான பேருந்துக் கட்டணமே பல வீடுகளில் பெரிய தொகை.

துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாத மையத்து எழுத்தர்களே, பிள்ளையின் வாழ்க்கைக் கதைக் கோப்பு உங்களால்தான் நிறைந்தது. தாள் சேர்க்கும் வசதியுள்ள கோப்பாக இருக்க வேண்டும், நகல்களே அதில் இருக்க வேண்டும், மூலம் பீரோவில். இன்றைய வீட்டில் தொடங்கிப் பழையதுக்குப் போய் மறுபடி இன்றைக்கு வர வேண்டும். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். "உன்மேல் பாசம் இருந்ததால்தான் விட்டுட்டுப் போனாங்க" என்று இனிமையாகச் சொல்லிவைத்தால், பாசம் வைப்பவர்கள் விட்டுப்போவார்கள் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். 18 வயதானதும் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கும் உரிமை தத்தெடுப்பு விதிமுறைகளில் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சீட்டுகள் வேண்டியிருக்கும்.

தத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டுக்கு வந்து பார்ப்பது விதி. ஆனால் கேள்விகள் பல பிள்ளைகளுக்கு ஏழு எட்டு வயதிலும், மறுபடி பூப்பெய்தும் பருவத்திலும்தான் கிளம்புகின்றன. கணக்குப்படி கோப்பு மூடிய பின்னும் எங்கள் போனை எடுத்த சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பணியாக அல்ல, உறவாகவே நினைக்கிறோம். அப்படி ஒருவர் கிடைக்காத குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய், தத்துக்குப் பிந்தைய ஆலோசனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் நிலைமை கைமீறினால் பெற்றோரும் பிள்ளையும் பேச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

நன்றியுடன்,
தத்தெடுத்த, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் பெற்றோர்