கேமராவோட கூவாகம் வர்ற பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து நீ போன்ல சொன்னப்ப சரி வாம்மான்னு மட்டும் சொல்லி வச்சிட்டேன், அப்புறம் ராத்திரி பூரா தூக்கமே வரல. வாய்ஸ் அனுப்பினா நீ டபுள் ஸ்பீடுல ஓட்டிட்டு பாதியில நிறுத்திடுவ, அதான் திண்ணையில உக்காந்து டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத, கண்ணாடி மாத்தணும், உங்கம்மா ஆறு மாசமா சொல்லிக்கிட்டேதான் இருக்கா.

திருநங்கைங்க வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கிற கூத்தாண்டவர் திருவிழாவை எடுக்கப்போறேன், பெரிய ப்ராஜெக்ட்டுங்குற. சந்தோஷம்தான். ஆனா நம்ம ஊருக்குப் பக்கத்துல இருக்குற கோயிலைப் பத்தி பெங்களூர்லருந்து நீ எனக்கு வெளக்கம் சொன்னப்ப சிரிப்பு வந்துச்சு. பதினெட்டு நாள் திருவிழாப்பா, பாரதப் போருல அரவான் களப்பலிப்பா, கிருஷ்ணரே மோகினியா வந்து அவனைக் கட்டிக்கிட்டாருப்பா, ராத்திரி தாலி காலையில அறுப்புன்னு ஒப்பிச்சியே, அந்த அரவானுக்கு நானே ஒருதடவை தாலி கட்டிக்கிட்டேன் தெரியுமா உனக்கு? 2001ல உனக்கு மஞ்சக்காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளா கிடந்த, நல்லாயிட்டா தாலி கட்டிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். சுத்துப்பட்டு ஊரு ஆம்பளைங்க வேண்டுதலுக்குக் கட்டிக்கிறது வழக்கம்தான், இதெல்லாம் பத்திரிகையில பெருசா வராது. அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமை ராத்திரி பூசாரி கையால மஞ்சக்கயிறு, புதன்கிழமை தேர் பந்தலடிக்கு வந்ததும் அறுத்தாங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் திருநங்கைங்க, பின்னாடி ஒருத்தங்க, நடுவுல நான். அவங்க மூணு பேரைச் சுத்தியும் இருபது கேமரா. என்மேல ஒண்ணுகூடத் திரும்பல. அந்த இருபதுல நாலஞ்சு பேரு எனக்குத் தெரிஞ்ச பசங்க, நம்ம ஸ்டுடியோவுல ரோல் வாங்குற பசங்க. அன்னைக்குத்தான் முதல்முதலா லென்ஸுக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்தேன், அப்பா, எவ்வளவு கிட்ட வர்றோம்டா நம்மன்னு இருந்துச்சு.

சரி, ஸ்டுடியோ கதைக்கு வரேன். 1988ல நான் கடை போட்டப்ப திருநங்கைங்குற பேரே புழக்கத்துல இல்ல, ஊர்ல என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உனக்கு எழுத மனசு வரல. சித்திரை பொறந்துட்டா நம்ம கடைக்கு அது ஒரு தீபாவளி. எங்கெங்கருந்தோ வந்து விழுப்புரம் லாட்ஜுல தங்கி இருப்பாங்க, அங்கருந்து இங்க பஸ் ஏறி வந்து வரிசையா பெஞ்சுல உக்காந்து கண்ணாடி பாத்துக்கிட்டு, பவுடர் டப்பா கைமாறிக்கிட்டே இருக்கும், என்னை அண்ணாம்பாங்க, உங்கம்மா டீ கொண்டாந்தா அவளை அண்ணிம்பாங்க. பட்டுப்புடவை, தலைநிறைய மல்லி, கழுத்துல தாலிக்கு முன்னாடி ஒரு போட்டோ, சில பேரு ஜமாத்துல, அதான் அவங்க கூட்டத்துல, தாய் பொண்ணுன்னு குடும்பமா நின்னு ஒண்ணு. அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும், கல்யாணப் பொண்ணு மாதிரி ஒரு படம். நீங்கள்லாம் இப்ப போர்ட்ரெய்ட்டுங்குறீங்களே, அதுதான்.

இதுல ஒரு தொழில் சமாச்சாரம் சொல்றேன் கேட்டுக்க. நேரா ஃபிளாஷ் அடிச்சேன்னா ஷேவ் பண்ண தாடை பவுடருக்கு அடியில நீலமா தெரிஞ்சிடும். அவங்க அந்தப் படத்தைப் பாத்ததும் மூஞ்சி சுருங்கும், வாய் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாங்க, காசு குடுத்துட்டுப் படத்தைத் திருப்பிப் பாக்காமப் போயிடுவாங்க. நான் என்ன பண்ணுவேன்னா லைட்டை வெள்ளைத் துணிக்குப் பின்னாடி வச்சு கொஞ்சம் மேலருந்து விடுவேன். பிளாக் அண்ட் ஒயிட் காலத்துல இன்னும் வேலை இருக்கு, யாஷிகா கேமராவுல எடுத்த அந்தப் பெரிய நெகட்டிவ்ல தாடி இருக்குற இடம் மட்டும் வெளிச்சம் போற மாதிரி தெளிவா இருக்கும், கூரா சீவின பென்சிலால அங்க மூச்சுவிடாம புள்ளி புள்ளியா ஊட்டினா பிரிண்ட்ல வெளுத்து வழவழன்னு வந்துடும். ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நீ இதை மேனிபுலேஷன்னு சொல்லுவ, டாக்குமெண்ட்ரியில அது கூடாதும்ப. இருக்கட்டும். தாடை தெரியுற மாதிரி எடுக்குறதுதான் நெஜம்னு யாரு சொன்னா? அவங்க கண்ணாடியில பாத்துக்குற மூஞ்சி எதுவோ அதைத்தானே நான் கழுவிக் குடுத்தேன்.

2008ல திருநங்கைங்களுக்கு நலவாரியம் வந்துச்சு, அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தாங்க. சர்க்கார் காயிதத்துல பொட்டு வச்சு முடி விட்டு தான் ஆசைப்பட்ட மாதிரி ஒரு படம் ஒட்டப்போறோம்னு ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு தடவை எழுந்து போய் முந்தானையைச் சரிபண்ணிட்டு வந்தாங்க. பாஸ்போர்ட் போட்டோவுல முந்தானை எங்க தெரியப்போகுது, நான் சொல்லல. உன் ப்ராஜெக்ட்டுல இந்த மாதிரி ஒரு படம் வந்துச்சுன்னா நான் ஒத்துக்குவேன்.

இப்ப நான் எழுத வந்த விஷயம்.

1996ல மெட்ராஸ்லருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரரு வந்தாரு, அவரு கேமரா மக்கர் பண்ணிடுச்சு, நான் பந்தலடியில எடுத்த ரோலைக் கேட்டாரு. வளையல் உடைக்குறப்ப எடுத்த ஒரு படம், ஈரோட்டுப் பக்கத்துலருந்து வர்ற ஒரு அக்கா, முந்தின நாள்தான் நம்ம கடையில சிரிச்சிக்கிட்டே உக்காந்து எடுத்துட்டுப் போனவங்க. ரெண்டு படத்துக்கு முந்நூறு ரூபா, அப்ப அது பெரிய காசு, நெகட்டிவையும் சேத்து வெட்டிக் குடுத்துட்டேன். படம் அரைப்பக்கம் வந்துச்சு, கீழ ஒரு வரி போட்டிருந்தான், அதையும் உனக்கு எழுதமாட்டேன். நான் அதை வெட்டி ஃப்ரேம் போட்டு கடையில மாட்டினேன் பாப்பா. என் படம் பத்திரிகையில வந்துருக்குன்னு.

அடுத்த சித்திரையில அவங்க வந்தாங்க. கல்லா முன்னாடி நின்னு அந்த ஃப்ரேமையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஊர்ல டீக்கடையில அந்தப் பத்திரிகை வந்துருக்கு, கம்பெனி வேலைக்குப் போயிருக்கான் புள்ளன்னுதான் வீட்ல சொல்லி வச்சிருந்தாங்களாம், தங்கச்சிக்கு உறுதியான சம்பந்தம் நின்னுபோச்சு. சண்டை போடுவாங்கன்னு நெனச்சேன். "நல்லாத்தாண்ணா எடுத்துருக்கீங்க"ன்னாங்க. அவ்வளவுதான். அந்த வருஷம் படம் எடுத்துக்கல, அதுக்கப்புறம் நம்ம கடைப்பக்கமே வரல. ஃப்ரேமைக் கழட்டிட்டேன், ஆணி மட்டும் ரொம்ப நாளா செவுத்துல இருந்துச்சு, நீ அதுலதான் ஸ்கூல் பேகை மாட்டுவ.

நீ போன மாசம் லிங்க் அனுப்பினியே, டெல்லி போட்டோகிராபர் தயானிதா சிங், அவங்களும் மோனா அகமதுங்குற டெல்லி திருநங்கையும். எல்லாத்தையும் போன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். 1989ல லண்டன் பேப்பருக்காக மோனாவை எடுத்துருக்காங்க, படம் லண்டன்ல வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் எனக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, ரோலைக் குடுத்துடுன்னு மோனா கேட்டுருக்காங்க, இந்தம்மா மறுபேச்சு பேசாம எடுத்துக் குடுத்துட்டாங்க, அது குப்பைக்குப் போயிடுச்சு. தொழில்ல இருக்குறவனுக்குத்தான் தெரியும் ஓட்டின ரோலைக் குடுக்குறது என்னன்னு. அங்கருந்து ஆரம்பிச்ச சினேகம், பன்னெண்டு வருஷம் கழிச்சு 2001ல புத்தகம் வருது, அதுல மோனா தன் கதையைத் தானே சொல்றாங்க, 2017ல மோனா சாகுறவரைக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போகல. நான் அந்த இடத்துலயே நின்னுட்டேன். அவங்க கேட்டாங்க இவங்க குடுத்தாங்க. ஈரோட்டு அக்கா என்கிட்ட கேக்கவே இல்ல, கேட்டா குடுக்குறதுக்கு என் கையில நெகட்டிவும் இல்ல.

நீ அனுப்பினதுல அந்த சுவீடன்காரரு ஸ்ட்ரோம்ஹோம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. பாரீஸ்ல பிளாஸ் பிளான்ஷ்ங்குற இடத்துப் பக்கத்துல திருநங்கைங்க இருந்த ஓட்டல்லயே தானும் தங்கி, ராத்திரி கடை வெளிச்சம் தெருவிளக்கு வெளிச்சத்துலயே எடுத்துருக்காரு, அறுபதுகள்ல எடுத்தது புத்தகமா வந்தது 1983ல. இருபது வருஷம் பொறுத்துருக்காரு மனுஷன், நீ இருபது நிமிஷத்துல இன்ஸ்டால ஏத்திடுவ. தென்னாப்பிரிக்காவுல ஜனேலே முஹோலின்னு ஒரு போட்டோகிராபர், அவங்க ஒரே ஆளுங்களை வருஷம் விட்டு வருஷம் திரும்பத் திரும்பப் போய் எடுக்குறது நம்ம ஸ்டுடியோ பழக்கம் மாதிரியே இருந்துச்சு, வருஷா வருஷம் சித்திரைக்கு வந்து எடுத்துட்டுப் போவாங்களே அப்படி. 2012ல வீடு புகுந்து இருபதுக்கு மேல ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்களாமே, படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு. நம்ம நெகட்டிவ் பிஸ்கட் டின்ல பரண்ல இருக்கு, எலி கடிச்சாதான் உண்டு. மும்பையில ஜோயா லோபோன்னு ஒரு திருநங்கை, ரயில்ல கை நீட்டி சேத்த காசுல செகண்ட்ஹேண்ட் கேமரா வாங்கி பத்திரிகை போட்டோகிராபராவே ஆயிட்டாங்க, அவங்க பேட்டியை மட்டும் உங்கம்மாவுக்கும் காட்டினேன், கேமரா என்ன வெலை வாங்கினாங்களாம்னு கேக்குறா.

அப்புறம், எல்லாரும் எடுக்குற அந்த அழுற படத்தை நீயும் எடுக்காத, ஏற்கெனவே ஆயிரம் இருக்கு. வெள்ளைச்சேலை, உடைஞ்ச வளையல், தலைவிரிகோலம், ஒப்பாரி. அது பொய்யின்னு சொல்லல, அரவானுக்கு அழுறதோட தன் கதைக்கும் சேத்துத்தான் அழுறாங்க, பக்கத்துல நின்னா உனக்கே அடிவயிறு பெசையும். ஆனா முந்தின ராத்திரி சூடத்தைக் குமிச்சுக் கொளுத்திட்டு சுத்தி நின்னு கும்மியடிக்கிறப்ப அந்த வெளிச்சம் கீழருந்து மூஞ்சியில அடிக்கும் பாரு, அதை எடு, ஐஎஸ்ஓவை ஏத்திக்க, ஃபிளாஷைத் தொடாத. காலையில எல்லாம் முடிஞ்சு குளிச்சிட்டு ஈரத்தலையோட டீ வாங்கிக் குடிச்சிக்கிட்டே பஸ்சுக்குச் சில்லறை எண்ணிட்டு நிப்பாங்க, அந்நேரம் ஒரு கேமராக்காரன் இருக்கமாட்டான், எல்லாரும் ரிசல்ட் பாத்துக்கிட்டு கார்ல ஏறிருப்பான். அந்தக் கூட்டத்துல கையை வக்கிறவனுங்களும் வருவானுங்க, அவனுங்க மூஞ்சிக்கு நேரா அடி ஃபிளாஷை, வேணாங்கல.

எடுத்தா யாரு எவருன்னு நம்பர் வாங்கு, எந்த ஊருக்குப் போகக்கூடாது இந்தப் படம்னு கேளு. எடுத்துக்கவான்னு எல்லாரும்தான் கேக்குறாங்க, எங்க போகக்கூடாதுன்னு எவனும் கேக்குறதில்ல, நானும் கேக்கல.

இன்னொண்ணு. கடையை மூடினப்ப டெலிவரி ஆகாத கவரெல்லாம் தனியா எடுத்து வச்சேன், எடுத்துட்டு திரும்பி வராதவங்களோடது, நாப்பத்தியொண்ணு இருக்கு. கவர் மேல தேதியும் ரசீது நம்பரும் இருக்கு, சிலதுல மட்டும் ஊர் பேரு. அஞ்சாறு வருஷமா திருவிழா செவ்வாய்க்கிழமை பையில போட்டு எடுத்துட்டுப் போய் வயசானவங்களாப் பாத்துக் காட்டுறேன், கொரோனாவுல ரெண்டு வருஷம் திருவிழாவே இல்லாமப் போச்சு, அதுபோக மொத்தம் பதினாலு குடுத்துருக்கேன், ஒருத்தங்க தன் படத்தைப் பாத்துட்டு இது யாருண்ணா இவ்வளவு அழகான்னு கேட்டாங்க. சில படத்தைக் காட்டினா அவ இல்லண்ணான்னு சொல்லிட்டு அவங்களே வாங்கி ரவிக்கையில செருகிக்குவாங்க. மிச்சம் இருபத்தேழு. இந்த வருஷம் முட்டிவலி, அவ்வளவு கூட்டத்துல என்னால நிக்க முடியாது, நீ எடுத்துட்டுப் போ. செவ்வாய்க்கிழமை கேமராவை வீட்லயே வச்சிட்டு கவரை மட்டும் எடுத்துட்டுப் போ, புதன்கிழமை வேணா கேமராவைத் தூக்கு. உங்க சார் ஏதாவது சொன்னா அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்க.

ஈரோட்டு அக்கா கடையில சிரிச்சு எடுத்த படம் அந்த இருபத்தேழுல ஒண்ணு, பச்சைக் கவர்.

திங்கக்கிழமை எந்த பஸ்சுன்னு உங்கம்மா கேக்குறா, நைட்டு வண்டின்னா டோல்கேட்டுலயே எறங்கிடு, நான் வண்டி எடுத்துட்டு வரேன். வர்றப்ப வெள்ளைக் காட்டன்ல ரெண்டு மீட்டர் துணி வாங்கிட்டு வா, லைட்டுக்குக் கட்ட. பழசு கிழிஞ்சிடுச்சு.

அப்பா